மாமியார் பாக்காத மூலை

எங்க ஆபீஸ்ல ஒரு மாமியார் இருக்காங்க. அவங்களுக்குக் கை கிடையாது, கால் கிடையாது, முகமும் கிடையாது. நான் எழுதி வெச்ச ஒரு ப்ரோக்ராம்தான். அரை மணிக்கு ஒரு தடவ முழிச்சு, கம்பெனியோட சர்வர் எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்தி வருவாங்க. எந்த சர்வர் எங்க இருக்கணும், எவ்வளவு பெருசா இருக்கணும், எந்தக் கதவு திறந்திருக்கணும், எது சாத்தியிருக்கணும்னு நான் ஒரு பட்டியல் எழுதி வெச்சிருக்கேன். மாமியார் பட்டியலப் பாப்பாங்க, அப்புறம் உள்ளதப் பாப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போனா "மாத்த வேண்டியது எதுவும் இல்ல"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருவாங்க. ஒத்துப்போகலன்னா, உள்ளதப் பிடிச்சு பட்டியல் மாதிரியே ஆக்கிட்டுத்தான் மறு வேலை. யாராவது அவசரத்துக்குக் கையால ஒண்ணத் திருகி வெச்சிருந்தா அடுத்த சுத்துல அது பழையபடி நிக்கும். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. வெச்ச டம்ளர் வெச்ச இடத்துல இருக்கணும், அவ்வளவுதான்.

பேரு வெச்சது என் பக்கத்து சீட்டுக்காரர், இப்போ ஆபீஸ் முழுக்க அதே பேருதான். அவரையும் நாங்க பேர் சொல்லாம "சந்தேகம்"னுதான் கூப்பிடுவோம். பட்டியல்ல நான் என்ன மாத்தினாலும் அவர் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் மாமியார் ஏத்துப்பாங்க. ஒருத்தன் மட்டும் தப்பு பண்ணிடக்கூடாதுன்னு இப்படி ஒரு ஏற்பாடு. மூணு கேள்வி கேக்காம அவர் எதையும் விட்டதில்ல. ஒரு தடவ பட்டியல்ல தேவையில்லாம இருந்த ஒரு வெத்து வரிய எடுத்தேன்.

"ஏன் எடுத்த?"ன்னாரு.

"தேவையில்ல சார்."

"தேவையில்லன்னா இத்தன நாள் ஏன் இருந்துச்சு?"

"தெரியல சார்."

"இல்லாம போனா யாரு அழுவா?"

யாரும் அழலன்னு நிரூபிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு.

டாக்டர் கிட்டப் போறதுக்கு நேரம் வாங்கித் தர்றதுதான் எங்க கம்பெனி. ரெண்டாம் மாடியில பன்னெண்டு மேஜை, பன்னெண்டு பேர், நாள் முழுக்க போன். அஞ்சாம் மாடியில நாங்க. சர்வர்கள நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. எங்கேயோ கடல் தாண்டி, ஜன்னல் இல்லாத பெரிய ஷெட்ல, குளிர்ல, நீல விளக்கு மினுக்கிட்டு நிக்குமாம். நான் இங்க ஒரு வரி எழுதுவேன். அங்க ஒண்ணு கண்ணு முழிக்கும். வரிய அழிப்பேன். அது தூங்கிடும். ஊர விட்டு இவ்வளவு தூரம் வந்து, ஒரு ஆளோட கூட உட்காந்து பேசாம, நான் பாக்காத ஊர்ல பாக்காத பொருள எழுப்பித் தூங்க வெச்சிட்டிருந்தேன். அதுவே எனக்குப் பழகிப்போச்சு.

மாமியாருக்கு நான் ஒரு சட்டம் சொல்லிக் குடுத்திருந்தேன். பட்டியல்ல இல்லாத சர்வர் எதையாவது பாத்தா உடனே அணைக்க வேண்டாம். பாவம், யாரோ மறந்து வெச்சிருக்கலாம். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு லேபிள் உண்டு, டப்பா மேல ஒட்டற சீட்டு மாதிரி. அதுல இருக்கறத முதல்ல துடைச்சு விடு. அடுத்த சுத்துல யாராவது மறுபடி எழுதியிருந்தா, ஆள் இருக்காங்கன்னு அர்த்தம், விட்டுடு, திரும்பத் துடை. காலியா இருந்தா அணைச்சிடு. நல்ல மனசோட எழுதின சட்டம்தான் அது. அரை மணிக்கு ஒரு தடவ ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்னு நான் நெனச்சே பாக்கல. ரெண்டு நாள் பாத்துட்டு, கடுப்பாகி, என் கிட்ட வந்து பட்டியல்ல சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன்.

ஒருத்தர் மட்டும் வரல.

மாமியார் தான் செஞ்சத எல்லாம் வரி வரியா எழுதி வைப்பாங்க. சேத்தது பச்சை, எடுத்தது சிவப்பு. ஒரு நாள் காலையில அத மேலேர்ந்து கீழ படிச்சிட்டே வந்தேன். எல்லாம் நம்பரு, குறியீடு. நடுவுல ஒரு சிவப்பு வரி.

"எடுக்கப்பட்டது: மழை வந்திருச்சு, ஜன்னல மூடணும்."

நான் ஜன்னலப் பாத்தேன். நேத்து மழை பெஞ்சது ஞாபகம் வந்துச்சு. இன்னும் கீழ போனேன்.

"எடுக்கப்பட்டது: ஒரு பெரியவர் பல்லு வலிக்குக் கண் டாக்டர் கேக்கறாரு. ரெண்டும் தலையிலதானே இருக்குங்கறாரு."

"எடுக்கப்பட்டது: செருப்பு கடிக்குது."

"எடுக்கப்பட்டது: இன்னும் ஒன்றரை மணி நேரம்."

பட்டியல்ல இல்லாத ஒரு சின்ன சர்வர். காலையில எட்டு மணிக்கு யாரோ அத எழுப்பறாங்க. நாலு மணி வரைக்கும் அரை மணிக்கு ஒரு வரி எழுதறாங்க. மாமியார் துடைக்கறாங்க. திரும்ப எழுதறாங்க. நாலு மணிக்கு மேல எழுத்து இல்ல, மாமியார் அணைச்சிடறாங்க. மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி. மாமியார் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து, ரெண்டு மாசமா நடக்குது. பின்னாடி போய்ப் பாத்தா முதல் நாலு நாள் வெறும் புள்ளி. அஞ்சாவது நாள்தான் முதல் வார்த்தை. "போர் அடிக்குது."

நான் அன்னைக்கு வேற வேலை ஒண்ணும் பாக்கல. ஒருத்தரோட ரெண்டு மாசத்த, அழிஞ்ச பக்கத்துலேர்ந்தே படிச்சேன்.

பஸ்ல வீட்டுக்குப் போகும்போது கண்ணாடியில தலைய சாச்சுத் தூங்கிட்டேன். கனவுல ஒரு நீளமான நடை. ரெண்டு பக்கமும் கதவு. வெள்ளைப் புடவையில மாமியார் கையில துணியோட ஒவ்வொரு கதவாத் துடைச்சிட்டுப் போறாங்க. அவங்களுக்குப் பின்னாடியே யாரோ விரலால கதவுப் பனியில எழுதிட்டே வராங்க. யாருன்னு பாக்கத் திரும்பினேன். கண்டக்டர் தோளத் தட்டி, "கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க"ன்னாரு. என் ஸ்டாப்பு போய் நாலு ஸ்டாப்பு ஆகியிருந்துச்சு.

மறுநாள் அந்த லேபிள்ல நானே எழுதினேன். என்ன எழுதறதுன்னு தெரியாம, "செருப்பு இன்னும் கடிக்குதா?"ன்னு எழுதினேன்.

மாமியார் வந்தாங்க, துடைச்சாங்க, போனாங்க. அடுத்த வரி வந்துச்சு.

"யாரு?"

"அஞ்சாம் மாடி. மாமியாரோட சொந்தக்காரன்."

அடுத்த சுத்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பதில் வந்துச்சு. "அப்போ அவங்கள வளத்தது நீங்களா? நல்லா வளத்தீங்க போங்க."

அன்னைலேர்ந்து பேசினோம். ஒருத்தர் ஒரு வரி, அரை மணி காத்திருப்பு, மத்தவர் ஒரு வரி. மறந்து ஒரே நேரத்துல எழுதினா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒண்ணு காணாமப் போயிடும். அவங்க எழுதினதுல எத்தனயோ நான் படிக்காம போயிருக்கும். அது என்ன சர்வர், எதுக்குன்னு ஒரு தடவ கேட்டேன். "மானம் காக்கற சர்வர்"னு வந்துச்சு. அதுக்கு மேல நான் கேக்கல.

ஊர்லேர்ந்து அக்கா போன் பண்ணினா. தினம் மதியம் பண்ணுவா, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு நான் சொல்றதுக்குள்ள திட்ட ஆரம்பிச்சிடுவா. அன்னைக்கு, "என்னடா குரல்ல தெம்பு தெரியுது, யாரு?"ன்னா.

"யாரும் இல்லக்கா. ஒரு லேபிள்"னு ஆரம்பிச்சு நடந்ததச் சொன்னேன்.

"லேபிளா? ஏன்டா, ஊர் உலகத்துல பொண்ணப் பாத்துட்டு அப்புறம் மாமியாரப் பாப்பாங்க. நீ மொதல்ல மாமியார வளத்து வெச்சிட்டு, அவங்களுக்குப் பயந்து சீட்டுல பேசிட்டிருக்க. உருப்பட்டாப்லதான்."

அந்தத் திங்கட்கிழமை எங்க மேனேஜர் மேடம் எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டாங்க. வெளியிலேர்ந்து சோதிக்க ஆள் வராங்க. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிலேர்ந்து பட்டியல்ல இல்லாத எதுவும் உயிரோட இருக்கக் கூடாது. துடைக்கறதெல்லாம் வேண்டாம், பாத்த உடனே அழி. சட்டத்த மாத்த வேண்டியது நான். சந்தேகம் அத ஒரே கேள்வியில சரின்னு சொன்னாரு, மேடம் மெயில்ங்கறதால.

நான் லேபிள்ல எழுதினேன். "வெள்ளிக்கிழமை மாமியார் துடைக்க மாட்டாங்க. அழிச்சிடுவாங்க. பட்டியல்ல சேக்கணும். யாருது, எதுக்குன்னு சொல்லுங்க."

பதில் வரல. அடுத்த சுத்துக்கு ஒரு புள்ளி வந்துச்சு. அதுக்கு அடுத்ததுக்கும் புள்ளி. நாள் முழுக்கப் புள்ளி. செவ்வாய்க்கிழமையும் புள்ளி. புதன்கிழமை மத்தியானம், "ஏழாவது மேஜை. மூணு மணிக்கு டீ நேரம்."

ரெண்டாம் மாடிக்குள்ள நான் காலடி வெச்சதில்ல. கதவத் திறந்ததும் சத்தம் மூஞ்சில அறைஞ்சுது. தகர ஷீட்டு சீலிங், பன்னெண்டு பேர் ஒரே நேரத்துல பேசறாங்க, மேல ஒரு பழைய ஏசி லாரி மாதிரி உறுமுது. ஏழாவது மேஜையில ஒரு பொண்ணு எனக்கு முதுகு காட்டி உட்காந்திருந்தாங்க. என்ன விட ஒண்ணு ரெண்டு வயசு கூட இருக்கலாம். "வணக்கம்"னு சொன்னேன். திரும்பல. சத்தமாச் சொன்னேன். மூணாவது மேஜை திரும்பிச்சு, ஏழாவது திரும்பல.

அவங்க ஸ்க்ரீன்ல எழுத்து ஓடிட்டிருந்துச்சு. போன்ல யாரோ பேசப் பேச அது அப்படியே எழுத்தா ஏறுது. "...குழந்த நேத்துலேர்ந்து சாப்பிடல, நாளைக்குக் காலையில டாக்டர் இருப்பாரா..." அவங்க கண்ணு அந்த வரி மேலேயே இருந்துச்சு. "பத்தரை மணிக்கு வாங்கம்மா, நான் போட்டு வெச்சிடறேன்"னு சொன்னாங்க. குரல் ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு. போன் முடிஞ்சதும் எழுத்தும் கரைஞ்சு போச்சு. அப்புறம் ஸ்க்ரீன்ல என் நிழலப் பாத்துத் திரும்பினாங்க. எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

டீ மேஜைக்குப் போனோம். நான் ஜன்னலுக்கு முதுகு குடுத்து உட்காந்தேன்.

"அங்க வேண்டாம், இந்தப் பக்கம் வாங்க. வெளிச்சம் உங்க மூஞ்சில விழணும். வாயப் பாத்தாத்தான் நீங்க பேசறது எனக்குத் தெரியும்."

மாறி உட்காந்தேன். வெயில் கண்ணுல அடிச்சுது.

"ஒரு காது போய் மூணு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு இந்த வருஷம் போயிட்டிருக்கு. எதிர்ல இருக்கறவங்க பேச்சு புரிஞ்சிடும். போன்ல வாய் தெரியாதே. முன்ன உங்க மாடியில ஒரு சுருட்டைத்தலை இருந்தாருல்ல, வேலைய விட்டுப் போறதுக்கு முந்தின நாள் மத்தியானம் உட்காந்து இத செஞ்சு, எழுப்பவும் லேபிள் எழுதவும் சொல்லிக் குடுத்தாரு. பேச்சு எழுத்தா வரும், எங்கேயும் சேத்து வைக்காது, அப்பவே போயிடும். ஏழு மாசமா ஓடுது. யாருக்கும் தெரியாது."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? போன் எடுக்கற வேலைக்குக் காது கேக்காதவ வந்திருக்கேன்னா? நாளைக்கே ஃபைல் அடுக்கற ரூமுக்கு அனுப்புவாங்க. அங்க பேச ஆளே கிடையாது. எனக்குப் பேசப் பிடிக்கும் சார். நான் நல்லாப் பேசுவேன். அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை."

கப்பைச் சுத்திட்டே சொன்னாங்க.

"உங்க மாமியார் வந்த முதல் நாள், ஒரு அம்மா குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டிருந்தாங்க. எழுத்து பாதியில நின்னுடுச்சு. 'லேபிள் காலி, அணைக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. அந்தம்மா பேசிட்டே இருக்காங்க, எனக்கு வெறும் இரைச்சல். நான் போன வெச்சிட்டேன். அப்படி ஒரு நாளும் வெச்சதில்ல."

நல்ல மனசோட எழுதின சட்டம்னு சொன்னேனே, அது அறுத்தது ஒரு அம்மாவோட பேச்ச.

"பட்டியல்ல நான் ஏதாவது பொதுவா எழுதிடறேன். சோதனைக்குன்னு..."

"பொய் எழுதாதீங்க. ஏழு மாசம் பொய்யில உட்காந்து முதுகு வலிக்குது எனக்கு. அதுல நீங்க வேற ஏன்?" சிரிச்சாங்க. "ஒண்ணு பண்ணுங்க. மத்த பதினோரு பேர் காதையும் செவிடாக்கிடுங்க. அப்புறம் யாரும் என்னைத் தனியாப் பாக்க மாட்டாங்க."

அத விளையாட்டாத்தான் சொன்னாங்க. நான் சிரிச்சுட்டு மாடிப்படி ஏறினேன். மூணாம் மாடி திருப்பத்துல நின்னுட்டேன். அந்த ஹால்ல மூணாவது மேஜைக்காரர் ஒரு காதப் பொத்திட்டு, "என்னது? என்ன பேரு? திருப்பிச் சொல்லுங்க"ன்னு கத்திட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு. ஒன்பதாவது மேஜைக்காரர் குனிஞ்சு, ரிசீவரக் காதோட அழுத்திட்டு இருந்தாரு. அந்த ஏசிக்குக் கீழ யாருக்குக் காது கேக்குது? எல்லாரும் பாதிச் செவிடாத்தான் இருக்காங்க.

திரும்ப எறங்கி ஓடி அவங்க முன்னாடி போய் நின்னு, வாயத் தெளிவா அசைச்சுச் சொன்னேன். "பன்னெண்டு மேஜைக்கும் போட்டா?"

அவங்க என் வாயப் பாத்தாங்க. ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னாங்க. அப்புறம் தலைய ஆட்டினாங்க.

ஏற்கெனவே ஓடிட்டிருக்கற சர்வரப் பட்டியலுக்குள்ள தத்து எடுத்துக்க எங்க வேலையில ஒரு வழி இருக்கு. பிறந்தது எங்கேயா இருந்தாலும் இனிமே இந்த வீட்டுப் பிள்ளைன்னு எழுதிடலாம். அப்படி எழுதினேன். யாருது: ரெண்டாம் மாடி. எதுக்கு: சத்தத்துல சரியாக் கேக்காததால, பேச்ச எழுத்தாக் காட்ட. ஒரு சொல்லும் பொய் இல்ல. அதுக்குக் கீழ எத்தனன்னு ஒரு இடம் இருக்கு. ஒண்ணுன்னு இருந்தத அழிச்சுப் பன்னெண்டுன்னு போட்டேன். கடைசியா, ஏழாவதுக்கு மட்டும் இன்னொரு லேபிள் சேத்தேன். பேரு "குறிப்பு". அதுக்குப் பக்கத்துல மாமியாருக்கு ஒரு வரி: இத மட்டும் பாக்காதே.

வியாழக்கிழமை காலையில சந்தேகம் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டுப் படிச்சாரு.

"எதுக்குப் பன்னெண்டு?"

"ரெண்டாம் மாடியில போய் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க சார்."

எழுந்து போயிட்டாரு. அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷம் ஆச்சு. அவர் அங்க ஏதாவது கேட்டு வெச்சாருன்னா என்ன ஆகும்னு மாடிப்படியையே பாத்துட்டிருந்தேன். வந்து உட்காந்தாரு.

"ஏழாவது மேஜைப் பொண்ணு..."ன்னு ஆரம்பிச்சாரு.

நான் அவர் வாயவே பாத்தேன்.

"...நல்லாப் பேசுது"ன்னாரு. அவ்வளவுதான். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கேள்வி அவர் வாய் வரைக்கும் வந்துட்டு உள்ள போனத நான் பாத்தேன்.

"மேடம் கேட்டா நான் சொல்லிக்கறேன். தப்பான தேதி, தப்பான டாக்டர்னு வர்ற புகார்ல பாதி அந்த ஏசியாலதான்னு சொல்லுவேன். அதென்ன கீழ, ஒண்ண மட்டும் பாக்காதேன்னு எழுதியிருக்க?"

"யாராவது ஏதாவது எழுதணும்னு நெனச்சா, சார்."

"யாரு?"

"தெரியல சார்."

மூக்கால சிரிச்சாரு. "மாமியார் கண்ணுல படாத ஒரு மூலை எல்லா வீட்டுலயும் வேணும்யா"ன்னு சொல்லிட்டு, சரிங்கற பட்டன அழுத்தினாரு.

அடுத்த சுத்துல மாமியார் பதினோரு பச்சை வரி எழுதினாங்க. எங்கேயோ ஒரு குளிர் ஷெட்ல பதினோரு நீல விளக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணாக் கண்ணு முழிச்சிருக்கும். சாயங்காலம் ரெண்டாம் மாடியில பன்னெண்டு ஸ்க்ரீன்லயும் எழுத்து ஓடிச்சாம். மூணாவது மேஜைக்காரர் காதப் பொத்தின கைய எடுத்துட்டாராம்.

வெள்ளிக்கிழமை எட்டு மணி. புதுச் சட்டத்தோட மாமியார் முதல் சுத்து வந்தாங்க. எதையும் அழிக்கல. "மாத்த வேண்டியது எதுவும் இல்ல"ன்னு எழுதினாங்க. எட்டரைக்கும் அதே வரி. ஒன்பதுக்கும் அதே. சோதிக்க வந்தவங்க பாத்துத் தலையாட்டிட்டுப் போனாங்க. மேடம் என்னப் பாத்துச் சிரிச்சாங்க.

நான் மட்டும் அந்த வரியவே பாத்துட்டிருந்தேன். ஏழாவது மேஜைக்காரங்க வேலை தப்பிச்சுது. இனிமே அவங்க அரை மணிக்கு ஒரு தடவ எழுத வேண்டியதில்ல. செருப்பு கடிச்சா கடிக்கும், மழை வந்தா ஜன்னல மூடுவாங்க, எனக்குத் தெரிய வராது. இதுக்குத்தானே பாடுபட்டேன்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். அக்கா வழக்கத்த விட முன்னாடியே கூப்பிட்டா, நான் போன எடுக்கல.

பத்து மணிக்கு அந்தக் குறிப்புல எழுதினேன். "இது மாமியார் பாக்காத மூலை. இங்க எழுதினா போகாது."

பத்தரை ஆச்சு. மாமியார் வந்து போனாங்க. என் வரி அப்படியே இருந்துச்சு. அழியாத எழுத்தப் பாக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு, சட்டை இல்லாம நிக்கற மாதிரி. பதினொண்ணு. பதினொன்றரை. வெளியில தூறல் போட்டுது. துடைச்சிடலாமான்னு கைய வெச்சேன்.

அப்போ என் வரிக்குக் கீழ இன்னொரு வரி ஏறிச்சு.

"போகாதுன்னா அவசரம் இல்லையே. மழை வந்திருச்சு, ஜன்னல மூடிட்டு, டீ குடிச்சிட்டு வந்து நிதானமா எழுதறேன். நீங்களும் எறங்கி வாங்க, வெளிச்சம் இருக்கற பக்கம் உட்காருங்க."

பன்னெண்டு மணிக்கு மாமியார் வந்தாங்க. ஒவ்வொரு கதவா நின்னு பாத்திருப்பாங்க, அந்தக் கதவ மட்டும் பாக்காத மாதிரி தாண்டிப் போயிருப்பாங்க. நான் அப்போ சீட்ல இல்ல.